ஒலிம்பிக் கேசட்டு ஓடலைன்னா, ஓடியும் கெலிக்க முடியலைன்னா எங்கெங்க பாக்கணும்

போன மே மாசம் அக்கா பையன் லீவுக்கு சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்திருந்தான், ஊறுகா ஜாடி எடுக்க பரண் மேல ஏறினவன் கையில என்னோட பழைய டிவி கேம் மாட்டிடுச்சு. "மாமா, இது இன்னாது?"ன்னு கேட்டான், அவ்ளோதான், ரெண்டு வாரம் மாமனும் மருமகனும் அது முன்னாடியே குந்திட்டோம், அதுல ஒரு வாரம் ஆட்டம், ஒரு வாரம் ரிப்பேர். ஆடினது ஓட்டப்பந்தயம், நீளம் தாண்டறது, ஈட்டி எறியறது எல்லாம் ஒண்ணா வருமே அந்த கேம். கோனாமி கம்பெனி 1983ல ஆர்கேட் மெஷினுக்குன்னு விட்டது, ஜப்பான்ல ஹைப்பர் ஒலிம்பிக்னு பேரு, வெளிநாட்டுல ட்ராக் அண்ட் ஃபீல்டு. நம்ம பக்கம் இந்த ரெண்டு பேரையும் யாரும் சொன்னதில்ல, வெறும் "ஒலிம்பிக்" தான்.

ஒரு பட்டன வேகமா தட்டுனா ஆள் ஓடுவான், இன்னொரு பட்டன சரியான நேரத்துல அமுக்குனா குதிப்பான், கேமே இவ்ளோதான். இதுல ஒரு தொல்லை இன்னான்னா கோளாறு இருந்தா அது கோளாறுன்னே தெரியாது. மரியோல பட்டன் வேலை செய்யலன்னா குழில விழுவோம், உடனே ரிமோட்டத் திட்டுவோம் (எங்க வீட்டுல எல்லாம் அதுக்கு ரிமோட்டு தான் பேரு, ஜாய்ஸ்டிக்குன்னு சொல்றவங்க பணக்காரங்க). ஒலிம்பிக்ல தோத்தா மட்டும் நம்ம விரல நம்மளே திட்டிக்குவோம். எனக்கு 40 தாண்டிருச்சு, நானும் ஒரு வாரம் பூரா வயசாயிடுச்சுன்னு தான் நெனச்சினு இருந்தேன். கடைசில பாத்தா தப்பு டிவி மேல பாதி, ரிமோட்டு ரப்பர் மேல மீதி. அதனால கீழ நான் எழுதறது எல்லாம் மொதல்ல மெஷின சந்தேகப்படு, விரல கடைசில சந்தேகப்படுங்கற வரிசைல தான் இருக்கும், உங்க வீட்டுல எது நடக்குதோ அத்த மட்டும் படிச்சாலும் போதும்.

ஆன் பண்ணா ஒரே கலரா நிக்குது, இல்லன்னா கட்டம் கட்டமா கோலம் போடுது

முக்காவாசி கேசட்டு பல்லுல, அதாவது அடியில வரிசையா தெரியற உலோக பட்டைங்கள்ல, அழுக்கு. நம்ம ஊர்ல வித்த டிவி கேம் பொட்டிங்க பெரும்பாலும் ஜப்பான் நிண்டெண்டோ கம்பெனி விட்ட ஃபேமிகாம்ங்கற பொட்டியோட காப்பி, அதுல கேசட்டுக்கு 60 பல்லு, அதுல ஒரு கூட்டம் புரோகிராம படிக்கறதுக்கு, இன்னொரு கூட்டம் படத்த படிக்கறதுக்கு. இது தெரிஞ்சா கோளாறு எங்கன்னு ஓரளவு யூகிக்கலாம். பாட்டு வருது, கேம் ஓடுது, ஆனா ஓடறவனுக்கு தலை இருக்க வேண்டிய எடத்துல எழுத்து நிக்குதுன்னா படத்து பக்கம் பல்லு டச் ஆகல. எதுவுமே இல்லாம சாம்பல் கலர்லயோ கருப்பாவோ நின்னுட்டா புரோகிராம் பக்கம் டச் ஆகல. வைத்தியம் என்னவோ ரெண்டுக்கும் ஒண்ணு தான்.

தயவு செஞ்சு ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதி தான் வளந்தோம், ஊதினதும் வேலை செஞ்சுது, ஆனா அது ஊதினதால இல்ல, வெளிய எடுத்து திரும்ப சொருகினோம் பாருங்க, அந்த உரசல்ல டச் ஆச்சு. வாயில இருந்து போற ஈரம் பல்லு மேல குந்திக்கும், கொஞ்ச நாள்ல பச்சை பிடிக்கும். மொபைல் ரிப்பேர் கடைங்கள்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டில்ல வெச்சிருப்பாங்க, காது குடையற பட்ஸ்ல லேசா தொட்டு பல்லு நீளத்துக்கே மேலருந்து கீழ துடைங்க, குறுக்க துடைச்சா பஞ்சு மாட்டும். எங்க பட்ஸு மொத தபா கரி மாதிரி வந்துச்சு, அஞ்சாவது பட்ஸ்ல தான் வெள்ளையா வந்துச்சு. அஞ்சு நிமிஷம் காய விட்டு, பவர் ஆஃப்ல இருக்கறப்பவே நாலஞ்சு வாட்டி சொருகி எடுங்க, உள்ள ஸ்லாட்டும் கொஞ்சம் சுத்தமாகும். ரொம்ப கருத்துப் போயிருந்தா ஸ்கூல் ரப்பர் வெச்சு மெதுவா தேய்க்கலாம். உப்புத்தாள் மட்டும் வேணாம், என் பெரியப்பா பையன் ஒருத்தன் அப்பவே உப்புத்தாள் போட்டு தேச்சு பளபளன்னு கொண்டாந்தான், மேல இருந்த பூச்சு மொத்தமா போய், அதுக்கப்புறம் அந்த கேசட்டு மாசம் ஒரு தபா பச்சை பிடிச்சுது.

பொட்டிய ஆட்டினா படம் வந்து வந்து போச்சுன்னா ஸ்லாட்டு கம்பிங்க தளர்ந்திருக்கும், இல்ல அடியில சால்டர் விட்டிருக்கும், கை பழகின ஆள்கிட்ட குடுத்தா பத்து நிமிஷ வேலை. பொட்டிய திறந்து பாத்து உள்ள சிப்புக்கு பதிலா கருப்பு பொட்டு மாதிரி ஒரு உருண்டை ஒட்டியிருந்து, அதுவே செத்துப்போச்சுன்னா மட்டும் விட்ருங்க, அத்த மாத்த முடியாது, வேற பொட்டி பாத்துக்கறது நல்லது.

பொட்டி ஆன் ஆவுது, டிவில ஒண்ணும் இல்ல

பழைய பொட்டில ஆண்டெனா ஒயர் மட்டும் இருந்தா டிவில அனலாக் சேனல் தேடல் போடணும், டிஜிட்டல் தேடல் போட்டா ராத்திரி முழுக்க தேடினாலும் கெடைக்காது. கேம் ஓடினு இருக்கறப்ப தான் தேட விடணும், இத்த மறந்துட்டு வெறும் பொட்டிய ஆன் பண்ணி தேடறவங்க நிறைய பேரு. புது ஸ்மார்ட் டிவி சிலதுல அனலாக் தேடலே கெடையாது, அங்க மஞ்ச வெள்ளை ஒயர் ஒண்ணு தான் வழி.

அந்த மஞ்ச ஒயருலயும் இப்ப ஒரு கூத்து. புது டிவி பின்னாடி மஞ்ச ஓட்டையே இருக்காது, பச்சை ஓட்ட பக்கத்துல ஏவின்னும் ஒய்ன்னும் ரெண்டும் எழுதியிருப்பான், மஞ்சள அந்த பச்சைல தான் சொருகணும். இன்னும் சில டிவில ஹெட்போன் ஓட்ட மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு தனி ஒயர். கடைல அதே மாதிரி ஒயர் கேட்டா எதையாவது குடுத்துடுவாங்க, வெளிய பாக்க எல்லாம் ஒண்ணு தான், உள்ள வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். படம் வர வேண்டிய எடத்துல கொர்ருனு சவுண்டு வந்துச்சுன்னா ஒயர் தப்பு, உடனே தூக்கிப் போடாதீங்க, மஞ்ச எடத்துல செவப்பையும் வெள்ளையையும் மாத்தி மாத்தி சொருகி பாருங்க, எங்க வீட்டுல செவப்புல தான் படம் வந்துச்சு.

படம் வந்துச்சு ஆனா கருப்பு வெள்ளைல வருதுன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, டிவி அந்த பச்சை ஓட்டைய காம்பொனென்ட்டுன்னு (படத்த மூணு ஒயர்ல பிரிச்சு அனுப்பற வேற முறை) நெனச்சுக்குது, இன்புட் மெனுல ஏவின்னு மாத்துங்க. ரெண்டாவது, பொட்டி வெளிநாட்டுது. நம்ம பழைய டிவிங்க பால் (PAL)ங்கற கலர் முறை, அமெரிக்கா ஜப்பான் பொட்டிங்க என்டிஎஸ்சி (NTSC)ங்கற முறை, பால் மட்டும் தெரிஞ்ச டிவி அந்த கலர படிக்காது. இப்ப வர்ற எல்இடி டிவிங்க பெரும்பாலும் ரெண்டும் படிக்கும், அதனால இது பழைய டிவில தான் வரும்.

படம் இருக்கு, சவுண்டு இல்ல

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு வேலூருக்கு ஒரு பேரு உண்டு, ஜலகண்டேஸ்வரர் 1981ல கோயிலுக்குள்ள திரும்ப வந்துட்டாரு, என் மச்சான் சிங்கப்பூர்ல இருந்த சினேகிதன் மூலமா வாங்கின அமெரிக்கா பொட்டிக்கு மட்டும் இன்னி வரைக்கும் சவுண்டு வரல. காரணம் சிம்பிள். ஆண்டெனா ஒயர்ல படத்துக்கும் சவுண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி உண்டு, நம்ம ஊர் முறைல அது 5.5 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கா ஜப்பான் முறைல 4.5. டிவி 5.5ல காது வெச்சினு இருக்கும், பொட்டி 4.5ல கத்தினு இருக்கும். மஞ்ச வெள்ளை ஒயர் போட்டா இந்த பிரச்சனையே கெடையாது. அசல் ஜப்பான் ஃபேமிகாம்னா பெரும்பாலும் படமே கெடைக்காது, ஏன்னா அவங்க டிவி 1ம் 2ம் சேனல் நிக்கறது 90லருந்து 102 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அது நம்ம ஊர்ல எஃப்எம் ரேடியோ எடம்.

திடீர்னு ரீசெட் ஆவுது, படத்துல பட்டை பட்டையா ஓடுது

மொதல்ல எப்ப ஆவுதுன்னு பாருங்க. எங்க வீட்டுல சரியா சாயங்காலம் ஆறு மணிக்கு ஆச்சு, பையன் பேய் பிசாசுன்னு ஆரம்பிச்சுட்டான். ஆறு மணிக்கு பக்கத்து வீட்டுல போர் மோட்டார் போடுவாங்க. மோட்டார் கெளம்பற அந்த ஒரு செகண்டு கரண்டு தொங்கும், நல்ல அடாப்டரா இருந்தா தாங்கும், முப்பது வருஷ அடாப்டர் உள்ள கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கும், அது தாங்காது. படத்துல சாம்பல் பட்டை மெதுவா மேல ஏறினு இருந்தாலும் அதே கெபாசிட்டர் தான்.

புது அடாப்டர் வாங்கறப்ப வோல்ட்ட மட்டும் பாக்காதீங்க. நம்ம காப்பி பொட்டிங்க பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, ஆனா பிளஸ் நடுவுலயா வெளியவான்னு பொட்டிக்கு பொட்டி மாறும், பொட்டி அடியில ஒரு வட்டம் வரைஞ்சு பிளஸ் மைனஸ் போட்டிருக்கும், அத்த பாத்து வாங்கணும். அசல் ஃபேமிகாம்ல நடு மைனஸ். அதே ஃபேமிகாம் அமெரிக்காவுல என்இஎஸ்னு வித்துச்சு, அதோட அசல் அடாப்டர் ஏசி குடுக்கும், அத்த எடுத்து காப்பி பொட்டில சொருகினா கதை முடிஞ்சுது. உள்ள 7805ன்னு ஒரு ரெகுலேட்டர் 9 வோல்ட்ட 5 ஆக்கும், மிச்சம் 4 வோல்ட்டும் சூடா தான் வெளிய போவணும், அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் மலைங்களே அடுப்பு மாதிரி இருக்கறப்ப அந்த ரெகுலேட்டர் இன்னா பண்ணும் பாவம். அரை மணி ஆடினா தொங்குதுன்னா பொட்டிய தரைல வெச்சு ஃபேன் காத்து படற மாதிரி வெச்சு பாருங்க, டிவி ஸ்டாண்டுக்குள்ள சொருகி வெக்காதீங்க. இன்னொண்ணு, பழைய குண்டு டிவி பின்பக்கத்த மட்டும் நீங்களா திறக்காதீங்க, உள்ள ஆயிரக்கணக்குல வோல்ட்டு, ஆஃப் பண்ணின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

மெனு வேலை செய்யுது, கேம்ல ஆள் மட்டும் நகர மாட்டேங்கறான்

இது லேப்டாப்ல எமுலேட்டர்ல (பழைய பொட்டி மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்) ஆடறவங்களுக்கு தான் அதிகம் வரும், மொத தபா வந்தப்ப நான் கீபோர்டு போச்சுன்னே நெனச்சேன். 1985ல ஃபேமிகாமுக்கு வந்த ஹைப்பர் ஒலிம்பிக்ல நாலு போட்டி தான், 100 மீட்டர், நீளம், 110 மீட்டர் தடை ஓட்டம், ஈட்டி. அது சாதா ரிமோட்டுல ஆடறதுக்கு செஞ்சதே இல்ல, ஹைப்பர் ஷாட்டுன்னு ஒரு தனி கட்டை கூடவே வித்தாங்க, அதுல ஓடறதுக்கு ஒண்ணு குதிக்கறதுக்கு ஒண்ணுன்னு பெரிய பட்டன் ரெண்டு, முன்னாடி இருக்கற 15 பின் ஓட்டைல சொருகணும். கேம் அந்த ஓட்டைய தான் பாக்கும், உங்க ரிமோட்டு பக்கம் திரும்பியே பாக்காது. எமுலேட்டர் இன்புட் செட்டிங்ல எக்ஸ்பான்ஷன் போர்ட்டுன்னு ஒரு எடம் இருக்கும், அங்க கோனாமி ஹைப்பர் ஷாட்ட தேர்ந்தெடுத்துட்டு கீங்கள குடுத்தா ஓடும். இல்லன்னா 1987ல அமெரிக்காவுக்கு வந்த ட்ராக் அண்ட் ஃபீல்டு பதிப்ப ஆடுங்க, அது சாதா ரிமோட்டுக்கே செஞ்சது, போட்டியும் எட்டு. நம்ம ஊர் பல கேம் கேசட்டுங்கள்ல சாதா ரிமோட்டுக்கு மாத்தி வெச்ச பதிப்பும் உண்டு, மாத்தாம அப்படியே ஏத்தினதும் உண்டு, அந்த ரெண்டாவது வகை கெடைச்சா அந்த நம்பர மறந்துடுங்க.

ஒரு பட்டன் மட்டும் சரியா எடுக்கல

எல்லா பட்டனும் செத்திருந்தா ஒயர், ஒண்ணு ரெண்டு மட்டும் செத்திருந்தா ரப்பர். இந்த ஒரு விதி போதும். ரிமோட்டு உள்ள ஒரு சின்ன சிப்பு எட்டு பட்டனையும் வரிசையா ஒரே ஒயர்ல அனுப்புது, அந்த ஒயர் அறுந்தா எட்டும் போவும், அதனால தான். ஒயர் அறுந்தா அது ரிமோட்டுக்குள்ள நுழையற எடத்துல தான் அறுந்திருக்கும், ரெண்டு இஞ்சு வெட்டி எறிஞ்சுட்டு திரும்ப சால்டர் வெச்சா முடிஞ்சுது. வேற பொட்டி ரிமோட்டு சொருகறப்ப கவனம், பின்னு எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் உள்ள வரிசை மாறலாம்.

ரப்பருன்னா ஸ்க்ரூ கழட்டுங்க, பட்டனுக்கு அடியில ரப்பர்ல கருப்பு புள்ளி இருக்கும், அது கார்பன், பலகைல இருக்கற ரெண்டு கோட்ட அது சேக்கணும். ஒலிம்பிக் ஆடின ரிமோட்டுல ஓடற பட்டன் புள்ளி மட்டும் தேஞ்சு வழுக்கைத்தலை மாதிரி பளபளன்னு இருக்கும், பாத்த உடனே தெரியும். மொதல்ல ஆல்கஹால்ல ரெண்டு பக்கமும் துடைங்க, அதுலயே பாதி சரியாயிடும். ஆவலன்னா செலக்ட் பட்டன் ரப்பர வெட்டி எடுத்து அங்க ஒட்டுங்க, செலக்ட்ட யாரு அமுக்கறா. சிகரெட் பெட்டி ஜிகினா பேப்பர் ஒட்டறது நம்ம பரம்பரை வைத்தியம், வேலை செய்யும் தான், ஆனா இந்த கேம்ல ஒரு மாசத்துல பலகை மேல இருக்கற கோட்டையே சொரண்டிடும்.

எவ்ளோ வேகமா தட்டினாலும் ஆள் ஓட மாட்டேங்கறான்

ரப்பர் நல்லா இருக்கு, ஆனாலும் ஓடலன்னா பட்டன முழுசா விட்றீங்களான்னு பாருங்க. கேம் செகண்டுக்கு 60 தபா (நம்ம பொட்டில 50 தபா) பட்டன எட்டிப் பாக்கும், போன தபா விட்டிருந்து இந்த தபா அமுங்கியிருந்தா தான் ஒரு தட்டுன்னு கணக்கு. வேகமா தட்டணும்னு பதட்டத்துல விரல் மேல எழும்பாமலே நடுங்கினா ரப்பர் கீழயே நிக்கும், கேமுக்கு நீங்க பட்டன அமுக்கி புடிச்சினு இருக்கற மாதிரி தான் தெரியும். கணக்கு போட்டு பாத்தா 60ல ஒண்ணு அமுக்க ஒண்ணு விட, செகண்டுக்கு 30க்கு மேல எவனாலயும் எண்ண வைக்க முடியாது, மனுஷ விரல் அதுல பாதிய தொட்டாலே பெரிய விஷயம்.

கட்டை விரல்ல தட்டாதீங்க. ரிமோட்ட முட்டி மேல, இல்ல தலகாணி மேல படுக்க வெச்சு, ஒரு கையால அமுக்கி புடிச்சு, இன்னொரு கைல ஆள்காட்டி விரலும் நடு விரலும் மாத்தி மாத்தி ஒரே பட்டன் மேல தட்டுங்க, தவில் வாசிக்கற கை மாதிரி மணிக்கட்டு தளர்வா இருக்கணும். ஸ்கேல் வெச்சு தட்டறது, காசு வெச்சு தேய்க்கறது எல்லாம் ஆர்கேட் காலத்து தந்திரம், அந்த மெஷின் பட்டன் அத்த தாங்கும், நம்ம ரிமோட்டு பிளாஸ்டிக் தாங்காது, ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் வெச்சு ஒரு பட்டன பிளந்தவன் சொல்றேன்.

டர்போ பட்டன் விஷயம். காப்பி பொட்டி ரிமோட்டுல கூடுதலா ரெண்டு பட்டன் இருக்குமே, புடிச்சாலே தட்டற மாதிரி ஆவுமே, அது சில பொட்டில ஓடற வேகம் எக்கச்சக்கமா வரும், சில பொட்டில ஆள் திக்கித் திக்கி ஓடுவான். டர்போ துடிப்பும் கேம் எட்டிப் பாக்கற நேரமும் ஒத்துப்போவல, நடுவுல பல தட்டு கணக்குல விட்டுப்போவுது, கோளாறு இல்ல. இன்னொண்ணு, துப்பாக்கி சுடறதுக்கு முன்னாடியே டர்போவ புடிச்சினு இருந்தா பவுல் தான். எங்க வீட்டுல டர்போ புடிச்சவன் அடுத்த ரவுண்டுக்கு எல்லாருக்கும் ரோஸ்மில்க் வாங்கி குடுக்கணும்னு சட்டம்.

லேப்டாப் கீபோர்டுல ரெண்டு பேரு ஆடறப்ப ஒருத்தன் தட்டினா இன்னொருத்தன் ஆள் நின்னுடறதும் உண்டு. சாதா கீபோர்டு ஒரே நேரத்துல சில கீங்கள சேத்து படிக்காது. ஒரு கண்ட்ரோலர் வாங்கிக்கோங்க, ஒயர் உள்ளதா.

நீளம் தாண்டறதுல எப்பவும் பவுல்

இது தான் என் விரல் மேல பழி போட்ட விஷயம். பையன் என்னைய விட மோசமா தட்றான், ஆனா ரெண்டு பேருக்கும் கோட்ட தாண்டி தாண்டி பவுல், மூணு சான்சும் போச்சு. அப்புறம் பாத்தா ஹால்ல இருக்கற பெரிய எல்இடி டிவில மட்டும் தான் இப்படி.

புது டிவி உள்ள வர்ற படத்த அப்படியே காட்டாது, பெருசாக்கி, மெருகு போட்டு, நடுவுல இல்லாத படத்த எல்லாம் தானா சேத்து அப்புறம் காட்டும், இதுக்கு நேரம் புடிக்கும். சீரியல் பாக்க அது ஒண்ணும் இல்ல. ஒலிம்பிக்ல கணக்கு போட்டு பாருங்க: 100 மீட்டர 10 செகண்டுல ஓடறவன் செகண்டுக்கு 10 மீட்டர் போறான், டிவி 100 மில்லிசெகண்டு லேட்டுன்னா நீங்க கோட்டு கிட்ட பாக்கற ஆளு உண்மைல ஒரு மீட்டர் முன்னாடி போயாச்சு. நிஜ மைதானத்துல தாண்டற பலகையே 20 சென்டிமீட்டர் அகலம் தான். ஒரு மீட்டர் தப்புன்னா எந்த விரல் காப்பாத்தும்.

சந்தேகம் இருந்தா போன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுங்க, விரலும் டிவியும் ஒண்ணா தெரியணும். 240 ஃப்ரேம்ல எடுத்தா ஒரு ஃப்ரேமு 4 மில்லிசெகண்டு சொச்சம், பட்டன் அமுங்கினதுல இருந்து ஆள் எழும்பற வரைக்கும் எத்தனை ஃப்ரேம்னு எண்ணுங்க. எங்க ஹால் டிவில 31 வந்துச்சு, கிட்டத்தட்ட 130 மில்லிசெகண்டு. படம் செட்டிங்ல கேம் மோடு போட்டேன், மோஷன் ஸ்மூத்னு ஒண்ணு இருந்துச்சு அத்த அணைச்சேன், 17க்கு இறங்குச்சு. மஞ்ச ஒயர எச்டிஎம்ஐ ஆக்கற சின்ன டப்பா ஏதாவது நடுவுல இருந்தா அதுவும் தன் பங்குக்கு லேட் பண்ணும், டிவில நேரா சொருக வழி இருந்தா டப்பாவ எடுத்துடுங்க. லேப்டாப்ல விசிங்க்க (படத்த திரையோட தாளத்துக்கு காக்க வெக்கற செட்டிங்) அணைச்சு பாருங்க, ப்ளூடூத் கண்ட்ரோலருக்கு ஒயர் போடுங்க.

முழுசா போவணும்னா குண்டு டிவி தான். அதுல படம் வந்த நொடியே கோடு கோடா திரைல விழுது, காத்திருக்கறதே கெடையாது. 2006ல திமுக ஆட்சிக்கு வந்தப்புறம் வீட்டுக்கு வீடு குடுத்தாங்களே 14 இஞ்சு கலர் டிவி, குடியாத்தம் அத்தை வீட்டுல அது இன்னும் ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டை மேல இருந்துச்சு. "அத்த வெச்சி இன்னாடா பண்ணப் போற?"ன்னு கேட்டாங்க, சொன்னா நம்ப மாட்டாங்கன்னு சும்மா தலைய ஆட்டிட்டு ஆட்டோல ஏத்தியாந்தேன். அன்னிக்கு ராத்திரி மொத தாண்டலே பவுல் இல்ல. குண்டு டிவி கெடைக்காதவங்க கோட்டுக்கு முன்னாடி தரைல ஏதாவது ஒரு அடையாளம் புடிச்சு, அங்க வர்றப்பவே அமுக்கி பழகுங்க, ரெண்டு நாள்ல கை புரிஞ்சுக்கும், ஆனா வேற டிவிக்கு போனா மறுபடி ஒண்ணாம் கிளாஸ்.

பவுல் இல்ல, ஆனா தூரம் போவல

குதிக்கற பட்டன தட்டிட்டு விட்டா கோணம் தரையோட தரையா நிக்கும், அமுக்கி புடிச்சா தான் ஏறும், 45 பக்கத்துல விடணும், கொஞ்சம் கம்மியா இருந்தா பரவால்ல, ஏறிட்டா போச்சு. நிஜத்துல நீளம் தாண்டறவங்க 20 டிகிரி சுமாருக்கு தான் எழும்புவாங்க, ஈட்டிக்கும் 45 வரைக்கும் போவ மாட்டாங்க. நீரஜ் சோப்ரா டோக்கியோல 87.58 எறிஞ்ச வீடியோவ பாத்துட்டு பையன் அதே மாதிரி தாழ எறிஞ்சு பாத்தான், கேம்காரன் பள்ளிக்கூட கணக்கு புஸ்தகத்த வெச்சு எழுதினவன், அவனுக்கு 45 தான் புடிக்கும். கோணம் ஏத்தறப்ப ஓடற பட்டன விட்டுட்டு வேகம் கொறைஞ்சு எறியறது தான் இன்னொரு காரணம், கோட்டு வரைக்கும் தட்டினே இருக்கணும். உயரம் தாண்டறதுல மட்டும் ஓட்டம் தானா நடக்கும், அங்க போய் பட்டன அடிச்சு விரல வீணாக்காதீங்க.

பழைய ரெக்கார்டு இப்ப எட்டவே மாட்டேங்குது

இதுக்கு தான் எங்க வீட்டுல சண்டையே. பொட்டில நான் 100 மீட்டர 10 செகண்டு கிட்ட ஓடறேன், அதே விரல் லேப்டாப்ல 11 தாண்டுது. பையன் லேப்டாப்ல மட்டும் ஆடறவன், "மாமா கப்சா"ன்னுட்டான்.

நம்ம ஊர் டிவிக்காக செஞ்ச காப்பி பொட்டி செகண்டுக்கு 50 படம் போடும், லேப்டாப்ல எமுலேட்டர் சும்மா விட்டா 60. கேமோ 60க்கு எழுதினது, அதுக்கு நிஜ கடிகாரம் தெரியாது, படத்த எண்ணி தான் நேரம் சொல்லும். பொட்டில எல்லாமே ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல நடக்குது, பாட்டும் மெதுவா தான் வரும், சுருதி பெருசா மாறாததால காதுக்கு தெரியாது. ஆனா உங்க விரல் மட்டும் மெதுவாவல பாருங்க. செகண்டுக்கு 10 தட்டு தட்டினா லேப்டாப்ல ஆறு படத்துக்கு ஒரு தட்டு, பொட்டில அஞ்சு படத்துக்கே ஒரு தட்டு, அதாவது கேம் கணக்குல 12 தட்டற ஆளு ஆயிடறீங்க. கோணம் புடிக்கறதும் சுலபம், எல்லாம் நிதானமா வருது. சின்ன வயசுல நான் புலி இல்ல, பொட்டி மெதுவு.

சோதிக்கணும்னா ரெண்டுலயும் கேம் கடிகாரம் 10 காட்டற வரைக்கும் போன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விடுங்க, பொட்டில ஒன்னேகால் மடங்குக்கு கொஞ்சம் கம்மியா, சரியா சொன்னா 1.2 மடங்கு வரும். ஒத்து வர வெக்கணும்னா எமுலேட்டர்ல ரீஜியன்னு ஒரு செட்டிங் இருக்கும், என்டிஎஸ்சி, பால், டென்டின்னு மூணு வரும், நம்ம காப்பி பொட்டிக்கு கிட்ட வர்றது டென்டி (ரஷ்யாவுல வித்த ஃபேமிகாம் காப்பியோட பேரு), பால் போட்டா சுருதியும் கீழ இறங்கிடும். டென்டி போட்டு பையன ஓட விட்டேன், அவனும் 10 கிட்ட வந்துட்டான், கப்சான்னு சொன்ன வாய மூடினான், ஆனா நான் கெலிச்சேன்னும் சொல்ல முடியல.

ஆஃப் பண்ணா ஸ்கோரு போயிடுது

போவும். இந்த கேசட்டுல பேட்டரி கெடையாது, கரண்டு போனா ரெக்கார்டும் போச்சு, இதுக்கு ரிப்பேர் இல்ல. லேப்டாப்ல சேவ் ஸ்டேட் (ஆட்டத்த அப்படியே சேமிச்சு வெக்கறது) போட்டுக்கலாம். பொட்டிக்கு ஒரு நோட்டு வெச்சுக்கோங்க, பேரு, போட்டி, அளவு, அதோட எந்த டிவி, 50ஆ 60ஆன்னும் எழுதுங்க. எங்க நோட்டுல பையன் கடைசியா இன்னொரு கட்டமும் போட்டிருக்கான், "மோட்டார் ஓடிச்சா?"ன்னு.